அத்தை பிளேட் கொடுத்த கதை

கிராமபோன் பெட்டிக்குக் கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்துப் பழகியவர்கள் உங்களில் இன்னும் சிலராவது இருப்பீர்கள். எழுபதைத் தாண்டிய உங்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பாட்டு தொடங்குவதற்கு முன்னால், ஊசி பிளேட்டின்மேல் இறங்கியதும், சட்டியில் மணல் வறுபடுவதுபோல ஒரு சத்தம் வருமே, அது உங்களுக்கு இனிமேல் வரப்போகிற பாட்டின் சத்தம். எனக்கு ஒன்பது வயதில் அது பயத்தின் சத்தம். ஒரு மழைக்காலம் முழுக்க, சாயங்காலம் ஆனால் காதைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பேன்.

அப்பா ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. நாங்கள் இருந்தது நீளமான ஓட்டு வீடு. பின்பக்கம் ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், அதற்கப்பால் ஆள் உயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடும் ஷெட் வைத்திருந்த சாயபுவின் வீடு. ஆவாரம்பட்டை ஊறுகிற வாசனையும் சுண்ணாம்புக் குழியின் நாற்றமும் எந்நேரமும் காற்றில் இருக்கும். மழை பெய்தால் வாசனை அடங்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது அடங்காது. ஈரத்தோடு சேர்ந்து பாயிலும் தலையணையிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த ஐப்பசியில்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் தங்கை. அப்பாவைவிடப் பதினெட்டு வயது சின்னவள், என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவள். அவளைப் பெற்ற கையோடு பாட்டி இறந்துவிட்டதால், வேலூரில் இருந்த பெரியப்பாதான் அவளை வளர்த்தார். பெரியப்பாவுக்கு பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. குழந்தை கிடையாது. இந்தத் தங்கைக்கு நல்ல குரல் என்று தெரிந்ததும் பாட்டு வாத்தியார் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுப் பெண்ணை மேடை ஏற்றலாமா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவே இல்லை. பெரியப்பா எதற்கும் காது கொடுக்கவில்லை.

பதினாறு வயதில் ஆற்காட்டுப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் அத்தை பாடினாள். அங்கே வந்திருந்த பிளேட் கம்பெனி ஏஜெண்டு ஒருவர் அடுத்த வாரமே வேலூருக்கு வந்து பெரியப்பாவைப் பார்த்தார். பதினேழு முடிவதற்குள் மெட்ராஸுக்குப் போய் இரண்டு நாளில் நாலு பிளேட் கொடுத்துவிட்டு வந்தாள். எட்டுப் பக்கம், எட்டுப் பாட்டு. ஒரு மணி நேரம் விரித்துப் பாட வேண்டியதை மூன்று நிமிஷத்துக்குள் மடித்து வைக்க வேண்டுமாம். பெரிய டிரங்குப் பெட்டித் துணியைச் சின்னக் கூடையில் அடைக்கிற மாதிரி இருந்தது என்று சொல்வாள்.

அந்தக் காலத்தில் அப்படித்தானே சொல்வோம், பிளேட் கொடுத்தாள் என்று. கொடுத்தது திரும்ப வராது என்றுதான் எனக்கு அந்த வார்த்தை கேட்டது.

அவள் அந்த மெட்ராஸ் அனுபவத்தை எனக்குச் சொன்னபோது சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். ஓர் அறையின் சுவரிலிருந்து பெரிய தகரப் புனல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததாம். அதற்குள் முகத்தை வைத்துப் பாட வேண்டும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு வெள்ளைக்காரர் பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுப்பாராம். கீழே இறங்கும்போது முன்னால் தள்ளுவாராம். அத்தை அதை நடித்துக் காட்டுவாள். எனக்குச் சிரிப்பு வராது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்தப் புனல் எனக்கு ஒரு வாயாகத் தெரிந்தது.

பிளேட் வெளிவந்ததும் சித்தூர், காஞ்சிபுரம், திருப்பத்தூர் என்று கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். அது இரண்டு வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. ஆவணி மாசம் திமிரியில் ஒரு கல்யாணக் கச்சேரியில், மேலே நிறுத்திப் பிடித்த இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். காற்றுதான் வந்தது. பெரியப்பா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு, உடம்பு சரியில்லை என்று சபையில் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வேலூரில் வருகிறவர் போகிறவர் எல்லாம் விசாரித்துக்கொண்டே இருந்ததால் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டியில் வந்து இறங்கினவளை நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் ஏதோ சொன்னாள். அது அத்தையின் குரல் இல்லை. கதவின் கீழ் அட்டை உரசுகிற சத்தம்போல இருந்தது. நான் பிடியை விட்டுவிட்டேன். அவள் அதைப் பார்த்தாள்.

அம்மா அவளுக்குப் பின்கட்டு அறையைக் கொடுத்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு செம்பு, மூன்றையும் தனியாக எடுத்து வைத்தாள். இருமலும் இளைப்பும் இருக்கிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒன்பது வயதுப் பெண்ணும் கைக்குழந்தையும் இருக்கும்போது, அவள் வேறு என்ன செய்வாள். அம்மாவின் சொந்தத் தம்பி எலும்புருக்கி நோயில் போனவன். அத்தைக்கும் அதுதான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அறைக்குள் போகக்கூடாது, வாசற்படியோடு நின்று பேச வேண்டும் என்று எனக்கு உத்தரவு. டாக்டரிடம் காட்டலாமா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். தெரிந்த வியாதிக்கு டாக்டர் எதற்கு என்று அம்மா சொன்னதாக நினைவு.

நான் வாசற்படியில் உட்கார்ந்து பாடம் எழுதுவேன். மத்தியானம் அத்தை தூங்கும்போது அவள் மூச்சில் மெல்லிசாக ஒரு விசில் சத்தம் வரும். இழுக்கும்போது மட்டும் வரும். விடும்போது வராது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டு, அடுத்த விசில் வருகிறதா என்று காத்துக்கொண்டிருப்பேன். கொஞ்சம் தாமதமானால் என் மூச்சையும் பிடித்துக்கொள்வேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாயபு வீட்டில் கிராமபோன் வைப்பார்கள். அவரிடம் நிறையப் பிளேட் இருந்தது. பாதி இந்துஸ்தானி, பாதி நம் பாட்டு. அத்தையின் பிளேட் ஒன்றும் இருந்தது. அதை அந்த வீட்டுப் பெண்கள் விரும்பிக் கேட்பார்கள் என்று தெரியும். தினமும் அது ஒரு முறையாவது சுவர் தாண்டி வரும். உள்ளே அறையில் அத்தை குரலில்லாமல் உட்கார்ந்திருக்க, வெளியே இருட்டுகிற மழை வானத்தின் கீழ் அத்தையின் குரல் முழுசாக, பளபளவென்று, தண்ணீரில் கழுவின மாதிரி வரும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பதை நீங்கள் குழந்தையாக இருந்து பார்த்திருந்தால் தெரியும். நான் காதைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

பதினைந்து நாள் கழித்துப் பெரியப்பா வேலூரிலிருந்து வந்தார். அவர் வந்து சேர்ந்ததும் சாயபு வீட்டில் பிளேட் ஓடியதும் ஒரே நேரம். பிளேட் முடிகிற வரைக்கும் கையில் காபி டம்ளரோடு அப்படியே நின்றார். உள்ளே அத்தை இருமினாள்.

பிறகு அவர் கூடத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இரண்டு மாசமாகத் தூக்கமில்லாமல் யோசித்துப் பார்த்ததாகச் சொன்னார். ஒரு குடத்தில் இருக்கிற தண்ணீரை ஊரெல்லாம் எடுத்துக் குடித்தால் குடத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். எங்கெங்கேயோ எத்தனையோ வீட்டில் ஊசி அந்தப் பிளேட்டைச் சுரண்டுகிறது, சுரண்டுகிற ஒவ்வொரு தடவையும் இவள் தொண்டை தேய்கிறது என்றார். அப்பா, அது அரக்கில் போட்ட கோடுதானே அண்ணா என்று மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் புனலுக்கு முன்னால அவளக் கொண்டுபோய் நிறுத்தனது நான்டா" என்றார் பெரியப்பா. "என் கையால நிறுத்தனேன்."

அன்றிலிருந்து எனக்குப் பயம் உருவம் எடுத்துக்கொண்டது. அம்மா சொன்ன வியாதியைக் கண்ணால் பார்க்க முடியாது. பெரியப்பா சொன்ன ஊசியைப் பார்க்க முடியும். எனக்கு அந்த ஊசி தெரியும். கிளி படம் போட்ட சின்னத் தகர டப்பாவில் நூறு ஊசி இருக்கும். சாயபு வீட்டுப் பிள்ளைகள் தேய்ந்த ஊசியைச் சுவர் மேலிருந்து எங்கள் பக்கம் போடுவார்கள். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் மணல் வறுபடும் சத்தம் கேட்டதும் வாசற்படியில் நின்று அத்தையின் தொண்டையையே பார்த்தேன். பாட்டு தொடங்கியது. அத்தை கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பாட்டு நடுவில் இருமினாள். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுக்கு வராமல் சுற்றிக்கொண்டு சாயபு வீட்டு வாசலுக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் சாயபுவின் மனைவி, நாங்கள் சாயபு வீட்டம்மா என்று கூப்பிடுவோம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு, வெற்றிலை போட்ட வாய். என்ன வேண்டும் என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னா பேட்டி, யாரு அடிச்சது?"

பேட்டி என்றால் அவர்கள் பாஷையில் மகள். யாரும் அடிக்கவில்லை என்றேன். எங்கள் அத்தை பிளேட்டை இனிமேல் வைக்காதீர்கள், வைத்தால் அத்தை செத்துப்போய்விடுவாள் என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொல்ல வைத்துக் கேட்டார். சிரிப்பாரோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"எங்களுக்கு அது ரொம்ப ஜாஸ்தி இஷ்டமான பாட்டு" என்றார். "ஒரு உசுரவிட ஜாஸ்தி இல்ல. இனிமே வெக்கல. நீ அழுவாத, போ."

அன்று சாயங்காலம் சாயபு வீட்டில் வேறு பாட்டுகள் ஓடின. அத்தையின் பிளேட் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்தவள் மாதிரி தலை நிமிர்ந்து நடந்தேன். இனி தொண்டை ஆறும், இரண்டு மூன்று நாளில் குரல் வரும் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தை அறையில் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தூறலில் நனைந்துகொண்டு சுவரோடு சுவராகக் காதை வைத்து நின்றிருந்தாள். சாயபு வீட்டில் யாரோ இந்துஸ்தானி பாடிக்கொண்டிருந்தார்கள். அத்தை என்னைக் கண்டதும் அந்த உரசுகிற குரலில், பிளேட் உடைந்துவிட்டதா, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு கும்மாளம் போடுவாள் என்று நினைத்தேன்.

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் மழையா அழுகையா என்று தெரியவில்லை.

"அது ஒண்ணுதான்டி எனக்கு நாள்பூரா பாக்கி இருந்துச்சு" என்றாள். "அதுக்காகத்தான் சாயங்காலம் வரட்டும், வரட்டும்னு இருந்தேன்."

ஊசி உன்னைச் சுரண்டவில்லையா என்று கேட்டேன். அவள் இல்லையென்று தலையாட்டினாள். பாட்டுக் கேட்கும்போது தானும் கூடவே பாடப் பார்ப்பாளாம், குரல் எழும்பாமல் அதனால்தான் இருமல் வருமாம். இதை அவள் சொல்லிக் கேட்ட பிறகும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. பெரியவர்களில் யார் சொல்வது சரி என்று எப்படித் தெரியும். அவளை உள்ளே வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். என்னால் அவளுக்கு ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது.

சாயபு வீட்டுக்கு மறுபடி போய், வையுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வருவதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். இந்தத் தடவை ஒரு சாக்குப் பையோடு வந்தார். வேலூரில் தெரிந்தவர், தெரியாதவர் வீடெல்லாம் ஏறி இறங்கி, கெஞ்சியும் சண்டை போட்டும் அத்தையின் பிளேட்டுகளை வாங்கி வந்திருந்தார். அவர் வீட்டிலிருந்த நாலையும் சேர்த்துப் பதினொன்று. அப்பா ஸ்டேஷனில் இருந்தார். பெரியப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல் பின்பக்கம் போய், ஒவ்வொன்றாக எடுத்துத் துவைக்கிற கல்லின் விளிம்பில் அடித்தார்.

பிளேட் உடையும் சத்தம் நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கண்ணாடிபோல் சிதறாது. பெரிய அப்பளம் உடைவதுபோல ஒரே சத்தம், அவ்வளவுதான். பாதியாகும். பாதியை மறுபடி அடித்தார். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் அத்தையின் பெயர் அச்சடித்திருக்கும். அதோடு சேர்ந்த துண்டுகள் மட்டும் தொங்கின. அத்தை அறை வாசலில் நின்று பார்த்தாள். தடுக்கவில்லை. ஒரு தடவை கையை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள். பெரியப்பா அடித்து முடித்துவிட்டு, அந்தக் கல்லின் மேலேயே குந்தி, ஆண்பிள்ளை அழுவதை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை, அப்படி அழுதார். "இனி வந்துரும்மா, உன் குரலு வந்துரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவரை முட்டாள் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. தன்னால்தான் இது நடந்தது என்று ஒருவர் நம்பிவிட்டால், தான் செய்யக்கூடிய ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டே இருப்பார். அவருக்குக் கிடைத்தது அந்தக் கல்.

குரல் வரவில்லை. நாலாம் நாள் மத்தியானம் மூச்சும் அடைத்துக்கொண்டது.

நான் அன்று ஜுரம் என்று பள்ளிக்கூடம் போகவில்லை. வாசற்படியில் படுத்திருந்தேன். விசில் சத்தம் திடீரென்று உயர்ந்தது, பிறகு கீச்சென்று ஒரு நூலாகி, அறுந்தது. எழுந்து பார்த்தேன். அத்தை பாயில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையை அழுத்திக்கொண்டு வாயைத் திறந்திருந்தாள். கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதடு நாவற்பழம் தின்ற நிறம். அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. இன்றைக்கும் அந்த நேரத்தின் அளவு எனக்குத் தெரியாது.

அம்மா தற்செயலாக எட்டிப் பார்த்தவள், இடுப்பிலிருந்த குழந்தையை என் கையில் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். ஒரு மாசமாக அந்த அறைக்குள் கால் வைக்காதவள். அத்தையைப் பின்னாலிருந்து தன் மார்போடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்தாள். "இழு பாப்பா, மெதுவா இழு, நான் புடிச்சிருக்கேன்" என்றாள். அத்தைக்குக் கொஞ்சம் மூச்சு உள்ளே போனது. அம்மா தலையை மட்டும் திருப்பி, சுவர்ப் பக்கம் பார்த்து, சாயபு வீட்டம்மாவைக் கூவிக் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வீட்டோடு பேசினது அதுதான் முதல் தடவை.

சாயபு வீட்டம்மா பட்டப்பகலில், வெளியே வந்தே பார்க்காத அந்த அம்மாள், கறுப்பு அங்கியைப் பாதி போர்த்தியும் போர்த்தாமலும் எங்கள் வாசலுக்கு வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார். வேலூரில் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி, எல்லாம் பெண் டாக்டர்கள், தன் கடைசிப் பிரசவம் அங்கேதான் ஆனது, உடனே கிளம்புங்கள் என்றார். சாயபுவின் மோட்டார் ஐந்து நிமிஷத்தில் வந்து நின்றது. கைக்குழந்தையை அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். என்னை விட்டுவிட்டுப் போவதற்கு அத்தை என் பாவாடையை விட்டால்தானே.

மாதனூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் கண்ணாடியைக் கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். அம்மா அத்தையைச் சாயவிடாமல் உட்கார வைத்திருந்தாள். நான் அந்த விசிலை எண்ணிக்கொண்டு வந்தேன். நூறு வரை எண்ணிவிட்டால் அவள் பிழைப்பாள் என்று வைத்துக்கொண்டேன். நூறு ஆனதும், இன்னொரு நூறு என்று வைத்துக்கொண்டேன். பள்ளிகொண்டாவில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஆர அமரப் போனது. அந்த வண்டிச் சத்தத்தில் விசில் கேட்கவில்லை. நான் அத்தையின் வாய்க்கு முன்னால் கையை வைத்துக் காற்று படுகிறதா என்று பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் சின்னக் கண்ணாடியைச் சூடு காட்டி அத்தையின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். எலும்புருக்கி இல்லை என்று முதலில் சொன்னார். அம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குள் கடைக்கு ஆள் போய்ப் பெரியப்பாவும் வந்துவிட்டார். டாக்டரம்மா புத்தகத்தில் படித்ததுபோல் நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். குரல் வருகிற இடத்தில் ஒரு சதை வளர்ந்திருக்கிறது, மாதக்கணக்காக வளர்ந்திருக்கிறது, மூச்சுப் போகும் வழியை அடைக்கிறது என்றார். வெளியே கழுத்தில் ஒரு வழி செய்து, பிறகு அந்தச் சதையை வெட்டி எடுக்க வேண்டும்.

"மூச்சு இருக்கும்" என்றார். "பாட்டு இருக்காது."

பெரியப்பா வேண்டாம் என்றார். வேறு வைத்தியம் பார்க்கிறோம், வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்றார். கையெழுத்துக்காக டாக்டரம்மா வைத்திருந்த சம்மதக் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "பாட்டு இல்லாம இவ உசுரோட இருந்து இன்னா பண்ணுவா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா அடுத்த ரயிலில்தான் வருவார். என் கண்ணெல்லாம் அந்தக் காகிதத்தின் மேலேயே இருந்தது.

கட்டிலில் உட்கார வைத்திருந்த அத்தை கையை நீட்டினாள். டாக்டரம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, பேனாவை அவளிடம் கொடுத்தார்.

"அண்ணா" என்றாள் அத்தை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு விசில் இழுத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு மூச்சு போதும்."

கையெழுத்துப் போட்டாள். பெரியப்பா திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

அவளைத் தள்ளிக்கொண்டு போன கதவு வெள்ளை பெயிண்ட் அடித்தது. அதற்கு எதிரே வராந்தாவில் ஒரு பெஞ்சில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். கார்பாலிக் நெடி மூக்கில் ஏறியது. யாரோ ஒரு நர்ஸ் பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு போனார், வந்தார். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் செத்துப்போய்விட்டாள் என்று சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். நான் சாயபு வீட்டுக்குப் போனதால்தான், அவளை மழையில் நிற்க வைத்ததால்தான் இது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அம்மாவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் தன் பங்குக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தனித் தட்டு, தனி டம்ளர் என்று காதில் விழுந்தது. நான் மறுபடி கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, மழையில், குடையை விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பெரியப்பா நிற்பது தெரிந்தது.

டாக்டரம்மா கடைசியில் வெளியே வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அவர் கை சோப்பு வாசனை அடித்தது. உன் அத்தை தூங்குகிறாள் என்றார். எந்தத் தூக்கம் என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். கழுத்தில் ஒரு வெள்ளிக் குழாய் இருந்தது. மூச்சு அது வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது. விசில் இல்லை.

ஒன்றரை மாசம் அங்கேயே இருந்தாள். குழாயை எடுத்த பிறகு அவளுக்கு வந்தது ஒரு கிசுகிசுப்பு மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகப் புரியும், எதிர் அறைக்குக் கேட்காது. ஆஸ்பத்திரியிலேயே தையல் அறையில் வேலை கொடுத்தார்கள். அங்கே முப்பது வருஷம் உறையும் போர்வையும் தைத்தாள். பெரியப்பா வாரம் ஒரு தடவை அவளைப் பார்க்கப் போவார். பாட்டைப் பற்றிப் பேசமாட்டார். அவர் உயிர் போகும்போது அத்தைதான் பக்கத்தில் இருந்தாள். சாயபு குடும்பம் பிறகு மெட்ராஸுக்குப் போய்விட்டது. அவர்களிடம் இருந்த பிளேட்டும் அவர்களோடு போனது. எங்கள் யாரிடமும் அத்தையின் பாட்டு ஒன்றுகூட இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அத்தை என்னோடு வந்து இருந்தாள். அவளுக்கு அறுபது தாண்டியிருந்த சமயம், மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். பாங்கியில் வேலை பார்த்தவராம். பழைய பிளேட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். அத்தையின் நாலு பிளேட்டில் இரண்டு அவருக்குக் கிடைத்திருந்தது. ஊர் ஊராக விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். பாடகியின் போட்டோ ஏதாவது இருக்கிறதா, குடும்பத்தில் யாராவது அவரைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களா என்று என்னைக் கேட்டார். அத்தை சன்னல் பக்கம் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கிற யாரோ வயசான அம்மாள் என்று நினைத்து, அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடமே பேசினார்.

நான் பதில் சொல்வதற்குள், தான் கொண்டுவந்திருந்த கிராமபோன் பெட்டியைத் திறந்து பிளேட்டை வைத்தார். ஊசி இறங்கியது. ஐம்பத்திரண்டு வயதில், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, காதைப் பொத்தக் கையைத் தூக்கிவிட்டேன். அத்தையைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன். பாட்டு வந்தது. மூன்று நிமிஷம். பாட்டு முடிந்ததும் அவர் ஊசியைத் தூக்கவில்லை. கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினார். சாயபு வீட்டில் பாட்டு முடிந்த உடனே எடுத்துவிடுவார்களோ என்னவோ, நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண், பேசுகிற குரலில், தன் பெயரையும் வேலூர் என்ற ஊரையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு வந்து அடக்கியது தெரிந்தது. அவ்வளவுதான்.

அவர் நெகிழ்ந்துபோய்த் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இந்தப் பாடகியைப் பற்றித் தான் எழுதி வைத்திருந்ததை எனக்குப் படித்துக் காட்டினார். எங்கே பிறந்தார், என்னென்ன பாடினார் என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசி வரி, பத்தொன்பது வயதில் தொண்டை நோயால் காலமானார் என்று இருந்தது. சரிதானே என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அத்தை எழுந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அவர் கையிலிருந்து வாங்கினாள். கடைசி வரியை நிதானமாகப் படித்தாள். பத்தொன்பது வயதில் என்பதை அப்படியே விட்டுவிட்டாள். காலமானார் என்பதை ஒரே கோடாக அடித்தாள். அதற்கு மேலே, பாடுவதை நிறுத்தினார் என்று எழுதினாள்.

அவர் அந்த எழுத்தைப் பார்த்தார். அவள் கழுத்தில் இருந்த தழும்பைப் பார்த்தார். நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றுவிட்டார்.

அத்தை நோட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவருக்குக் கேட்க வேண்டும் என்று கிட்டே போய்ச் சொன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."